ஓவர்ஹால் முடிந்த இன்ஜினோடு முதல் பறப்பு: சொந்தமாகக் கட்டிய விமானத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய இரும்புத் தோசைக்கல்லை வீட்டில் எப்படிப் பழக்குவார்கள் என்று பார்த்திருப்பீர்கள். எண்ணெய் தடவி, சூடேற்றி, மறுபடி தடவி, அந்த எண்ணெய் கல்லின் மேல் கருகி வழவழப்பான படலமாகப் படியும்வரை விடமாட்டார்கள். ஓவர்ஹால் செய்த, அதாவது முழுவதும் பிரித்துத் தேய்ந்ததை மாற்றித் திரும்பக் கோத்த விமான இன்ஜினையும் பழக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே நடக்கவே கூடாதது இதுதான்: சிலிண்டர் சுவரில் ஆயில் கருகிப் படலமாகப் படிவது. படிந்துவிட்டால், பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் ரிங்குகள் சுவரோடு சேர்ந்து உட்காராது. இன்ஜின் ஆயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். சிலிண்டரைக் கழற்றி மறுபடி ஹோன் செய்யத்தான் (உள்சுவரைக் கல்லால் நுண்மையாகத் தேய்க்கத்தான்) வேண்டிவரும்.

ஓவர்ஹாலுக்குப் பிந்தைய முதல் பறப்பு மற்ற சோதனைப் பறப்புகளிலிருந்து வேறுபடுவது இதனால்தான். புதிய இன்ஜின் என்றால் மெதுவாக, பதமாக ஓட்டலாம் என்று கை தானாகவே நினைக்கும். இன்ஜினுக்குத் தேவையோ நேர் எதிரானது. ஹோன் செய்த சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் இருக்கும். எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்தினால்தான் கீறல்களின் முகடுகள் தேய்ந்து ரிங் உட்காரும். குறைந்த பவரில் அந்த அழுத்தம் வராது. தரையில் நிறுத்தி வைத்து நிதானமாக ஓட்டிப் பார்த்தால், குளிர்விக்கக் காற்றும் இல்லை, ரிங்கை அழுத்த பவரும் இல்லை. ஆயில் படலம்தான் கருகும்.

அதாவது, இன்ஜினைத் தரையில் ஓட்டி ஓட்டிச் சோதிக்கும் வசதி நமக்குக் கிடையாது. ஆகவே, ஓடாமல் நிற்கும்போதே பார்க்க முடிந்த ஒவ்வொன்றையும் பார்த்து முடிக்க வேண்டும். அப்புறம் தரையில் கொஞ்சமே ஓட்டி, வானத்தில் பலமாக ஓட்ட வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரே எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

நான் எழுதுவது அமெரிக்காவில், எக்ஸ்பெரிமெண்டல் பிரிவில் பதிவான, சொந்தமாகக் கட்டிய விமானங்களைப் பற்றி. என்னுடையது ஓர் ஆர்வி-6. ஓரிகன் மாநிலத்தின் அரோராவில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் கிட்டிலிருந்து கட்டியது. உள்ளே 180 குதிரைத்திறன் கொண்ட லைகாமிங் ஓ-360. நான்கு சிலிண்டர், காற்றால் குளிர்வது, கார்புரேட்டர் உள்ளது. ஓ-320 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ரோட்டாக்ஸ் 912 வேறு இனம். அதன் ஆயில் அமைப்பிலிருந்து காற்றை வெளியேற்றும் முறைக்கும் பழக்கும் முறைக்கும் அதன் கையேட்டையே பின்பற்றுங்கள்.

இன்ஜினைக் கழற்றுவதற்கு முன்பே தொடங்குங்கள்

பலர் தவறவிடும் படி இது. பழைய இன்ஜின் விமானத்தில் இருக்கும்போதே ஒரு நாள் உட்கார்ந்து எண்களை எழுதி வையுங்கள். பிரேக் பிடித்து முழு த்ராட்டில் கொடுத்தால் எத்தனை ஆர்பிஎம், எந்த வேகத்தில் எவ்வளவு ஏற்றம், ஏறும்போது நான்கு சிலிண்டர் ஹெட்டுகளிலும் என்ன சூடு, ஆயில் பிரஷர் எங்கே நிற்கிறது, அன்றைய வெப்பநிலை என்ன. ஓவர்ஹாலுக்குப் பிறகு உங்கள் கையில் இருக்கும் ஒரே ஒப்பீடு இதுதான். ஃபிக்ஸ்டு பிட்ச் (இலைக் கோணம் மாறாத) ப்ரொப்பெல்லர் உள்ள விமானத்தில் நின்றபடி கிடைக்கும் முழு ஆர்பிஎம் முன்பைவிட 100 குறைந்தால் ஏதோ தவறு இருக்கிறது. அந்த 100 குறைந்தது தெரிய வேண்டுமானால் பழைய எண் வேண்டும்.

காகிதங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பெரிமெண்டல் விமானத்தின் இன்ஜினை ஓவர்ஹால் செய்ய மெக்கானிக் சான்றிதழ் கட்டாயம் இல்லை. ஆனால் என்னென்ன பாகம் மாற்றினீர்கள், எந்த அளவுகள் வந்தன என்பது இன்ஜின் லாக்புக்கில் முழுமையாக இருக்க வேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் 91.407 விதியின்படி, பறக்கும் தன்மையையோ வானத்தில் இயங்கும் விதத்தையோ கணிசமாகப் பாதித்திருக்கக்கூடிய வேலைக்குப் பிறகு, குறைந்தது பிரைவேட் பைலட் சான்றிதழ் உள்ளவர் பறந்து பார்த்து லாக்புக்கில் பதியும்வரை பயணிகளை ஏற்றக் கூடாது. அதே மாடல் இன்ஜினைத் திரும்பப் பொருத்தியிருந்தால் இதோடு சரி. வேறு மாடல் இன்ஜின் போட்டாலோ ப்ரொப்பெல்லர் வகையை மாற்றினாலோ அது பெரிய மாற்றமாகிவிடும். உங்கள் விமானத்தின் இயக்க வரம்புக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலான கடிதங்களில், அப்படிப்பட்ட மாற்றத்துக்குப் பிறகு குறைந்தது 5 மணி நேரம் மறுபடியும் முதல் கட்டச் சோதனைக்குப் போக வேண்டும் என்று இருக்கும்.

ஸ்டார்ட்டரையோ ஆல்டர்னேட்டரையோ எடை குறைந்ததாக மாற்றியிருந்தால் எடையையும் ஈர்ப்பு மையத்தையும் திரும்பக் கணக்கிடுங்கள். மூக்கில் குறையும் இரண்டு கிலோ மையத்தைப் பின்னுக்குத் தள்ளும்.

எஃப்ஏஏ வெளியிட்ட 90-89 என்ற சோதனைப் பறப்புக் கையேட்டை இலவசமாகவே படிக்கலாம். சொந்தமாக விமானம் கட்டுபவர்களுக்காக 1953இல் தொடங்கப்பட்ட ஈஏஏ அமைப்பு சோதனை அட்டைகளோடு ஒரு கையேடு வைத்திருக்கிறது. இரண்டையும் படித்துவிட்டு வாருங்கள். ஆனால் அவை பெரும்பாலும் புத்தம் புதிய விமானத்தை மனதில் வைத்து எழுதியவை. உங்கள் விமானத்தின் இறக்கை ஏற்கெனவே தெரிந்தது, இன்ஜின்தான் அந்நியம்.

நிற்கும் இன்ஜினில் பார்க்க வேண்டியவை

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி, சொந்தமாகக் கட்டிய விமானங்களின் விபத்துகளை ஆராய்ந்து 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இன்ஜின் சார்ந்த கோளாறுகளும் வானத்தில் கட்டுப்பாடு இழப்பதும்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் என்று அது சொல்கிறது. இன்ஜின் சார்ந்த கோளாறு என்றால் கிராங்க் ஷாஃப்ட் உடைவது மட்டும் என்று நினைக்காதீர்கள். எரிபொருள் வராதது, கேபிள் கழன்றது, குழாய் கசிந்தது எல்லாம் இதில் அடக்கம். ஓவர்ஹாலின்போது நாம் கழற்றி மாட்டியதெல்லாம் இவைதானே.

என் அனுபவம் ஒன்று. எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டேன் என்று நான் உறுதியாக நம்பிய மாலையில், பக்கத்து ஹேங்கரில் இருக்கும் நண்பரை அழைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் கையில் டார்ச்சோடு பத்து நிமிடம் குனிந்திருந்தார். ஆயில் கூலருக்குப் போகும் குழாயின் நட்டை விரலால் தொட்டார், அது சுழன்றது. நான் கையால் திருகிவிட்டு, ரெஞ்ச் எடுக்கத் திரும்பியபோது போன் வந்தது. பேசி முடித்துவிட்டு அடுத்த நட்டுக்குப் போயிருக்கிறேன். அந்தக் குழாய் வானத்தில் கழன்றிருந்தால் ஒருசில நிமிடங்களில் ஆயில் முழுவதும் வெளியே போயிருக்கும். அன்றிலிருந்து இரண்டு விதிகளை மாற்றமில்லாமல் கடைப்பிடிக்கிறேன். ஒன்று, டார்க் ரெஞ்சால் முடுக்கிய ஒவ்வொரு நட்டிலும் உடனே ஆரஞ்சுப் பெயிண்டால் ஒரு கோடு. கோடு இல்லாத நட்டு முடுக்காத நட்டு. இரண்டு, மாட்டியவரே பார்ப்பது சோதனை ஆகாது. வேறு ஒருவர் பார்க்க வேண்டும்.

அந்த வேறு ஒருவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

த்ராட்டில், மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவை), கார்ப் ஹீட் (கார்புரேட்டரில் பனி உறையாமல் சூடான காற்றை விடுவது) கேபிள்கள். காக்பிட்டில் ஒருவர் கைப்பிடியைத் தள்ளி இழுக்க, மற்றவர் கார்புரேட்டர் பக்கம் நின்று, கேபிள் இழுக்கும் நெம்புகோல் இரண்டு முனைகளிலும் அதன் தடுப்பில் போய் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். காக்பிட்டில் கைப்பிடி முட்டுவதற்கு முன்னால் கார்புரேட்டரில் முட்ட வேண்டும். காட்டர் பின்கள் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பேஃபிள்கள். சிலிண்டர்களைச் சுற்றியிருக்கும் தகடுகளும் ரப்பர் ஓரங்களும் காற்றை வழிநடத்துபவை. இன்ஜினின் மேலுறையான கவுலிங்கை மூடும்போது அந்த ரப்பர் உள்பக்கமாக, காற்று வரும் திசையை நோக்கி மடிந்திருக்க வேண்டும். ஓர் இடத்தில் வெளிப்பக்கம் மடிந்தாலும் அங்கே காற்று தப்பிவிடும். புது இன்ஜினில் உராய்வு ஏற்கெனவே அதிகம், அந்த சிலிண்டர் கொதிக்கும்.

பிரீதர் குழாய். கிராங்க் கேஸிலிருந்து ஆவி வெளியேறும் வழி. சேமிப்பின்போது யாரோ சொருகிய பிளாஸ்டிக் மூடி இதில் அப்படியே இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி முன்பக்க ஆயில் சீல் பிதுங்கிவிடும். ஸ்பார்க் பிளக் துளைகளில் ஈரம் உறிஞ்ச வைத்த மூடிகள், எக்ஸாஸ்ட் வாயில் அடைத்த துணி எல்லாவற்றையும் எண்ணி எடுங்கள். எத்தனை வைத்தோம் என்று எழுதியிருந்தால்தான் எத்தனை எடுத்தோம் என்பது பொருள்படும்.

மேக்னெட்டோ டைமிங். ஸ்பார்க் பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தருவது மேக்னெட்டோ. இன்ஜினின் தகட்டில் பொறித்திருக்கும் டிகிரியைப் பாருங்கள். பல ஓ-360களில் 25, சிலவற்றில் 20. நினைவிலிருந்து வைக்காதீர்கள். சுவிட்சிலிருந்து மேக்னெட்டோவுக்குப் போகும் பி-லீட் கம்பி சரியாக இணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது கழன்றிருந்தால் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். ப்ரொப்பெல்லரைக் கையால் சுழற்றுபவருக்கு அது மரண ஆபத்து.

இவற்றோடு எக்ஸாஸ்ட் கிளாம்புகள், ப்ரொப்பெல்லர் போல்ட்டுகள், சேஃப்டி வயர்கள், எதனோடும் உரசும் குழாய்கள்.

எரிபொருள் ஓட்டத்தை அளந்து பாருங்கள்

இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை. தொட்டியில் பெட்ரோல் இருப்பதும் அது தேவையான வேகத்தில் கார்புரேட்டருக்கு வந்து சேர்வதும் ஒன்றல்ல.

விமானத்தின் மூக்கை, அதனால் முடிந்த மிகச் சரிவான ஏற்றத்தில் இருக்கும் கோணத்துக்கு உயர்த்துங்கள். வால்சக்கர விமானம் என்றால் சக்கரங்களை மேடாக்கியோ வாலைப் பள்ளத்தில் இறக்கியோ இந்தக் கோணத்தைக் கொண்டுவரலாம். தொட்டியில் குறைந்த அளவே பெட்ரோல் வையுங்கள். கார்புரேட்டரில் குழாயைக் கழற்றி, அளவு குறித்த பாத்திரத்தில் ஓடவிட்டு நேரத்தைக் குறியுங்கள். வெறும் ஈர்ப்பால் ஓடும் அமைப்பில், முழு பவரில் இன்ஜின் குடிக்கும் அளவில் 150 சதவீதம் வர வேண்டும். பம்ப் உள்ள அமைப்பில் 125 சதவீதம். 180 குதிரைத்திறன் இன்ஜின் முழு பவரில் மணிக்கு சுமார் 60 லிட்டர் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால் பம்ப் 75 லிட்டர் தர வேண்டும். நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டர். ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஹேங்கருக்கு வெளியே, விமானத்தையும் பாத்திரத்தையும் கம்பியால் பூமியோடு இணைத்து, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில்.

முடித்த பிறகு, கழற்றிய அந்த நட்டுக்குப் புதிய ஆரஞ்சுக் கோடு போட மறக்காதீர்கள்.

உலர்ந்த இன்ஜினுக்கு ஆயில் ஊட்டுதல்

ஓவர்ஹால் செய்த இன்ஜினின் பேரிங்குகளில் கோக்கும்போது தடவிய பசை மட்டும்தான் இருக்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் முதல் சில நொடிகளிலேயே பேரிங்குகள் தேயும்.

சேமிப்பின்போது துருப்பிடிக்காமல் இருக்க ஊற்றிய பாதுகாப்பு எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு, ஆயில் ஊற்றுங்கள். எந்த ஆயில்? கலப்பு எதுவும் இல்லாத மினரல் ஆயில். வழக்கமாகப் பயன்படுத்தும் ஆஷ்லெஸ் டிஸ்பர்சன்ட் ஆயில் (அழுக்கைப் படியவிடாத சேர்மானம் கலந்தது) உராய்வை நன்றாகவே தடுக்கும். நமக்கு இப்போது கொஞ்சம் உராய்வு வேண்டும். சில டர்போ மாடல்களுக்கு இது பொருந்தாது, சில மாடல்களுக்குத் தனியாக ஒரு சேர்மானமும் வேண்டும். லைகாமிங்கின் 1014 எண்ணுள்ள சர்வீஸ் குறிப்பில் உங்கள் மாடலைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். மேக்னெட்டோ ஆஃப், எரிபொருள் ஆஃப், மிக்ஸ்சர் இழுத்த நிலை. முதலில் ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றி, சிலிண்டருக்குள் தேங்கிய எண்ணெய் இருந்தால் பிளக் துளை வழியே வெளியேற விடுங்கள். பிறகு ஸ்டார்ட்டரால் 10 முதல் 15 நொடி சுழற்றி, அரை நிமிடமாவது ஸ்டார்ட்டரை ஆறவிட்டு, மறுபடி சுழற்றுங்கள். ஆயில் பிரஷர் முள் எழுந்து நிற்க வேண்டும். ஐந்தாறு முறை முயன்றும் எழவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்டார்ட் ஆனால் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் விலை உயர்ந்த இன்ஜின்கள் போயிருக்கின்றன. காரணத்தைக் கண்டுபிடியுங்கள், அல்லது அழுத்தத் தொட்டியால் வெளியிலிருந்து ஆயில் செலுத்துங்கள். முள் எழுந்தால் பிளக்குகளைப் போட்டு அன்றைக்கே ஸ்டார்ட் செய்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து என்றால் இந்த வேலையைத் திரும்பவும் செய்ய வேண்டும்.

தரையில் இரண்டே ஓட்டம்

காற்றை எதிர்நோக்கி நிறுத்துங்கள். கவுலிங் போட்டே ஓட்டுங்கள். திறந்து வைத்தால் நன்றாகக் குளிரும் என்று தோன்றும். உண்மையில் பேஃபிள்கள் வேலை செய்யக் கவுலிங் வேண்டும். தீயணைப்பானோடு ஒருவர் வெளியே, பக்கவாட்டில், ப்ரொப்பெல்லரின் தளத்தில் நிற்காமல்.

முதல் ஓட்டம்: 1,000 முதல் 1,200 ஆர்பிஎம். 30 நொடிக்குள் ஆயில் பிரஷர் வராவிட்டால் நிறுத்துங்கள். வந்தால் சில நிமிடங்கள் மட்டும் ஓட்டி, இரண்டு மேக்னெட்டோவும் உயிரோடு இருப்பதையும், சுவிட்சை ஆஃப் செய்தால் இரண்டும் அடங்குவதையும் உறுதிசெய்து, மிக்ஸ்சரை இழுத்து நிறுத்துங்கள். எக்ஸாஸ்டிலிருந்து கொஞ்சம் வெள்ளைப் புகையும் பெயிண்ட் வாடையும் வருவது இயல்பு. கவுலிங்கைத் திறந்து ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரம் என்றால் கசிவு.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு இரண்டாவது ஓட்டம். 1,800க்கும் 2,200க்கும் இடையே மேக்னெட்டோ சோதனை: ஒவ்வொன்றிலும் 175 ஆர்பிஎம்முக்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 50க்குள். கார்ப் ஹீட் இழுத்தால் ஆர்பிஎம் இறங்க வேண்டும். சிலிண்டர் ஹெட் சூடு இடம் கொடுத்தால் முழு த்ராட்டில் ஒரு சில நொடி மட்டும், பழைய எண்ணோடு ஒப்பிட. பிறகு ஐடில். இன்ஜினை நிறுத்துங்கள், கவுலிங்கைத் திறந்து பாருங்கள்.

அவ்வளவுதான். ரன்வேயில் மேலும் கீழும் வேகமாக டாக்ஸி ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். புதிய விமானத்துக்கு அதில் பயன் இருக்கலாம். இந்த இன்ஜினுக்கு அது சூடும் ஐடிலும் கலந்த மிக மோசமான கலவை. வேண்டாம்.

நீங்களா, இன்னொருவரா

இன்ஜின் ஆறு மாதம் வெளியே இருந்தது என்றால் நீங்களும் ஆறு மாதம் பறக்கவில்லை. இன்ஜினை மாட்டிய களைப்பும், செலவழித்த பணமும், எப்படியாவது இன்று பறந்துவிட வேண்டும் என்ற தவிப்பும் ஒரே தலையில் இருக்கும்போது அந்தத் தலை நல்ல முடிவு எடுக்காது. அதே வகை விமானத்தில் ஒரு பயிற்சியாளரோடு சில மணி நேரம் பறந்து, த்ராட்டிலை மூடித் தரையிறங்கும் பயிற்சியை நிறையச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் கை சரளமாக இல்லை என்றால், அந்த வகையில் அனுபவமுள்ள நண்பரைப் பறக்கச் சொல்வதில் ஒரு குறையும் இல்லை. யார் பறந்தாலும் தனியாகத்தான். வலப்பக்க இருக்கை காலி.

அந்த நாளுக்கான திட்டம்

காலை வேளை, ரன்வேக்கு நேரான இளங்காற்று, உயரமான அல்லது இல்லாத மேகம். உங்கள் ஊரின் 800 மீட்டர் ரன்வேயை விடப் பக்கத்து ஊரின் 1,800 மீட்டர் ரன்வே மேல் என்றால், விமானத்தை லாரியிலோ கட்டி இழுத்தோ அங்கே கொண்டுபோவதுகூட வீண் வேலை அல்ல. சுற்றிலும் ஆள் நடமாட்டம் குறைந்த இடமா என்று பாருங்கள்.

முந்தைய நாள் ரன்வேயின் இரண்டு முனைகளுக்கும் அப்பால் காரில் போய்ப் பாருங்கள். படத்தில் வயல் போலத் தெரிவது வேலி போட்ட தோட்டமாக இருக்கும், மின்கம்பி ஓடும். இன்ஜின் நின்றால் எந்த உயரத்தில் எங்கே இறங்குவது என்று தாளில் எழுதுங்கள். ரன்வே மிச்சம் இருந்தால் நேரே. குறிப்பிட்ட உயரம் வரை நேரே, அல்லது இடம் வலமாகக் கொஞ்சம் சாய்ந்து. அந்த உயரத்துக்கு மேலேதான் திரும்பி ரன்வேக்கு வருவது.

அந்த உயரம் என்ன? தரையிலிருந்து 1,000 அடிக்குக் கீழே திரும்புவதில்லை என்பது என் விதி. திரும்பி வருவது 180 டிகிரி அல்ல. ரன்வேயின் நேர்கோட்டுக்கு மீண்டும் வர 200க்கு மேல் திரும்பி, பிறகு எதிர்ப்பக்கம் கொஞ்சம் திரும்ப வேண்டும். 45 டிகிரி சாய்வில் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம் 19 சதவீதம் கூடிவிடும். இதற்கு முன்னால், நடந்தது என்ன என்று மூளை நம்பவே மூன்று நான்கு நொடிகள் போய்விடும். இன்ஜின் நின்று வயலில் இறங்கியவர்களில் பலர் நடந்து வெளியே வந்திருக்கிறார்கள். தாழ்வான உயரத்தில் திரும்பும்போது ஸ்டால் ஆனவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

தரையில் ரேடியோவோடு ஒருவர் இருக்கட்டும். டவர் உள்ள விமான நிலையம் என்றால், ஓவர்ஹாலுக்குப் பிந்தைய முதல் பறப்பு, ஒரு மணி நேரம் விமான நிலையத்தின் மேலேயே சுற்றப்போகிறேன் என்று முன்பே பேசிவிடுங்கள்.

பறப்பு

இன்ஜின் ஸ்டார்ட் ஆனதிலிருந்து சக்கரம் எழும்வரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சோதனைப் பட்டியலைச் சுருக்க வேண்டாம். ஆனால் வரிசையில் ஐந்து விமானங்கள் நின்றால் ஹேங்கருக்குத் திரும்பி, நிறுத்தி, ஆறவிட்டு வாருங்கள்.

மிக்ஸ்சர் முழு ரிச் (பெட்ரோல் அதிகமான கலவை). த்ராட்டிலை நிதானமாக, ஆனால் முழுவதுமாகத் தள்ளுங்கள். ஓடத் தொடங்கியதும் மூன்றைச் சத்தமாகச் சொல்லுங்கள்: ஆர்பிஎம், ஆயில் பிரஷர், எரிபொருள் பிரஷர். ரன்வேயில் மூன்றில் ஒரு பகுதிக்குள் இந்த மூன்றும் சரியாக இல்லை என்றால் த்ராட்டிலை மூடிவிடுங்கள். சந்தேகம் வந்தாலே போதும், காரணம் தெரிய வேண்டியதில்லை.

எழுந்ததும் செங்குத்தாக ஏறாதீர்கள். வேகம் கூடுதலாக, கோணம் குறைவாக, காற்று நிறைய உள்ளே வரும்படி ஏறுங்கள். 1,000 அடி தாண்டும்வரை த்ராட்டிலைத் தொட வேண்டாம். பிறகு விமான நிலையத்தின் மேலேயே அகலமாகச் சுற்றி, தரையிலிருந்து 3,000 அடிக்குப் போங்கள். பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் வழுக்கும் விமானம் அங்கிருந்து 9 கிலோமீட்டர் போகும் என்று கணக்கு சொல்லும். காற்றையும் பதற்றத்தையும் கழித்து 4 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருங்கள். ரொம்ப உயரமும் வேண்டாம். டென்சிட்டி ஆல்டிட்யூட் (காற்றின் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் உயரம்) 5,000 அடிக்கு மேல் போனால், டர்போ இல்லாத இன்ஜின் பழகுவதற்குத் தேவையான பவரைத் தராது.

முதல் ஒரு மணி நேரம் 75 சதவீத பவர். அதற்கான ஆர்பிஎம்மை இன்ஜின் கையேட்டின் பவர் வரைபடத்திலிருந்து முன்பே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். அதற்குப் பிந்தைய நேரங்களில் 65க்கும் 75க்கும் இடையே மாற்றி மாற்றி. மிக்ஸ்சரை லீன் செய்ய (கலவையில் பெட்ரோலைக் குறைக்க) வேண்டாம்.

இப்போது சிலிண்டர் ஹெட் சூட்டைப் பாருங்கள். லைகாமிங்கின் உச்ச வரம்பு 500 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 260 செல்சியஸ். அதை நெருங்கவே விடக் கூடாது. முதல் பறப்பில் எண்கள் வழக்கத்தைவிட அதிகமாகத்தான் இருக்கும். உராய்வின் சூடு அது. நான் 430 ஃபாரன்ஹீட்டில் செயல்படத் தொடங்குவேன்: முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுவது, அதற்கும் இறங்காவிட்டால் பவரைக் கொஞ்சம் குறைப்பது, அதற்கும் அடங்காவிட்டால் இறங்கிவிடுவது. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் ஏறினால் பேஃபிளையோ அந்த சிலிண்டரின் இன்டேக் கசிவையோ சந்தேகியுங்கள். எல்லாம் நன்றாக நடந்தால், சில மணி நேரப் பறப்புக்குள் ஒரு கட்டத்தில், பவரில் எதையும் மாற்றாமலேயே சூடு இறங்கி நிலைக்கும். ரிங்குகள் உட்காரத் தொடங்கிவிட்டன. அந்த முள் இறங்குவதைப் பார்க்கும்போது வரும் நிம்மதி, மாதக்கணக்கில் கையில் கிரீஸோடு உழைத்தவருக்குத்தான் தெரியும்.

ஆயில் பிரஷர் 55க்கும் 95 பிஎஸ்ஐக்கும் இடையே நிற்க வேண்டும். பிரஷர் இறங்கி ஆயில் சூடு ஏறினால் அது உண்மை, உடனே இறங்குங்கள். பிரஷர் மட்டும் இறங்கி சூடு மாறாமல் இருந்தால் மீட்டர் கோளாறாக இருக்கலாம், அப்போதும் இறங்குங்கள். இன்ஜின் தடுமாறினால் முதலில் கார்ப் ஹீட், பிறகு பூஸ்ட் பம்ப் (துணை எரிபொருள் பம்ப்), பிறகு மற்றத் தொட்டி, கைகள் இவற்றைச் செய்யும்போதே மூக்கு ரன்வே பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு காட்டும் கருவி ஒன்றைக் காக்பிட்டில் வையுங்கள். எக்ஸாஸ்ட் இணைப்புகள் எல்லாம் புதிதாக மாட்டியவை.

இறங்கும்போது ஒரு முரண் வரும். திடீரென்று த்ராட்டிலை மூடினால் சிலிண்டர்கள் சட்டென்று குளிரும், ரிங்குகளுக்கும் அது நல்லதல்ல. நீண்ட தூரத்திலிருந்து பவரோடு தாழ்வாக வந்தால், இன்ஜின் நின்றுவிட்டால் ரன்வேயை எட்ட முடியாது. நான் செய்வது: விமான நிலையத்தின் மேலேயே வட்டமாகச் சுற்றியபடி, ஒவ்வொரு சுற்றிலும் பவரைச் சிறிது சிறிதாகக் குறைத்து இறங்குவது. எந்த இடத்தில் இன்ஜின் நின்றாலும் ரன்வே எட்டும் தூரத்தில்தான் இருக்கும். டச் அண்ட் கோ (சக்கரம் தொட்டதும் மறுபடி எழுவது) செய்யாதீர்கள். முழுவதும் நிறுத்துங்கள்.

இறங்கிய பிறகு

சூடு இருக்கும்போதே கவுலிங்கைத் திறந்து கசிவு பாருங்கள். சில கசிவுகள் சூட்டில்தான் தெரியும். ஆறிய பிறகு எக்ஸாஸ்ட், இன்டேக் நட்டுகளின் முடுக்கத்தைச் சரிபாருங்கள். ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அதற்கான கட்டரால் வெட்டி, மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மின்னும் நுண்துகள் கொஞ்சம் இருக்கும். ரிங்கும் சுவரும் தேய்ந்தவை. காந்தத்தில் ஒட்டும் செதில்களோ, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் துண்டுகளோ இருந்தால் காரணம் தெரியும்வரை அந்த விமானம் எழக் கூடாது. ஃபில்டர் தாளைத் தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தாளோடு ஒப்பிட வேண்டும்.

பறப்பு விவரத்தை லாக்புக்கில் பதியுங்கள். பயணிகள் தடை சட்டப்படி அதோடு நீங்கினாலும், நான் முதல் 10 மணி நேரம் யாரையும் ஏற்றுவதில்லை. அதே 10 மணி நேரம் வரை ரன்வேக்கு வழுக்கி வரும் தூரத்தையும் தாண்டுவதில்லை.

அப்புறம் ஒரு நோட்டில் ஆயில் கணக்கு எழுதத் தொடங்குங்கள். எத்தனை மணி நேரம் பறந்தோம், எவ்வளவு ஊற்றினோம். 180 குதிரைத்திறன் இன்ஜினுக்கு லைகாமிங்கின் சூத்திரப்படி உச்ச அளவு மணிக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். தொடக்கத்தில் அதற்குக் கீழே எங்கோ இருந்து, மெல்ல மெல்லக் குறைந்துவரும். எட்டு குவார்ட் கொள்ளும் சம்ப்பை (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியை) விளிம்பு வரை நிரப்பாதீர்கள்; ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. மேலுள்ள ஒன்று ஒன்றரை குவார்ட்டைப் பிரீதர் வழியே இன்ஜின் வெளியே தள்ளிவிடும், கணக்கு குழம்பும். ஒவ்வொரு முறையும் ஒரே சமதளத்தில் நிறுத்தி, ஒரே ஆறிய நிலையில் அளவுக் கம்பியைப் பாருங்கள்.

25 மணி நேரத்துக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனையும் அளந்து எழுதுங்கள். இடையில் வரும் குளிர்கால வாரங்களில், இன்ஜினைப் பறக்காமல் ஹேங்கர் வாசலில் சும்மா ஓட்டி வைக்க வேண்டாம். பறக்க முடியாத நாளில் அது ஓடாமல் இருக்கட்டும்.

ஆயில் செலவு மூன்று நான்கு அளவீடுகளில் ஒரே எண்ணில் நின்றுவிட்டால் இன்ஜின் பழகிவிட்டது. பொதுவாக இது 50 மணி நேரத்துக்குள் நடக்கும். அப்போது மினரல் ஆயிலை வடித்துவிட்டு, ஆஷ்லெஸ் டிஸ்பர்சன்ட் ஆயிலுக்கு மாறி, மாறிய தேதியையும் மணியையும் லாக்புக்கில் எழுதுங்கள்.